மணலில் எழுதிய போதகர்



இருதயத்தைக் கர்த்தருக்குத் திறந்து வையுங்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். எப்படித் திறப்பது என்று யோசித்தால், என் நினைவுக்கு வருபவர் சீகன்பால்க். நாம் வாழும் இந்த ஜேர்மனியில், புல்ஸ்னிற்ஸ் என்ற சிறிய ஊரில் 1682இல் பிறந்தவர். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி, 1706 ஜூலை 9ஆம் திகதி தரங்கம்பாடியில் வந்திறங்கினார்.

மற்றவர்களின் இருதயத்தைத் திறக்க வந்தவருக்குத் தமிழ் தெரியாது. என்ன செய்தார் தெரியுமா, பிள்ளைகளே? வயதான ஒரு வாத்தியாரை மாணவர்களோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். அந்தச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார். ஹாலேயில் படித்த போதகர் அவர்!

எனக்கு அந்தப் பணிவு இருக்கவில்லை. இங்கே தாதியர் பயிற்சியில் சேர்ந்த புதிதில், ஒரு வயோதிபர் என்னிடம் ஏதோ சொன்னார். விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனேன். வலிக்கிறது என்றுதான் சொல்லியிருக்கிறார். விடியும்வரை வலியோடு கிடந்தார். அதன்பிறகுதான் "எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்கப் பழகினேன். ஜெபத்திலும் அப்படித்தான், கர்த்தருக்கும் நான் வெகுகாலம் தலைமட்டும் ஆட்டியிருக்கிறேன்.

சீகன்பால்க் கேட்கப் பழகியதால் மாறினார். தமிழரை நாகரிகமற்றவர்கள் என்று முன்பு தாமும் எண்ணியதாகவும், மொழி தெரிந்து நூல்களை வாசித்தபின் அது தவறென்று கண்டதாகவும் எழுதினார். நீங்கள் படிக்கும் கொன்றைவேந்தனை 1708இலேயே டொச்சில் மொழிபெயர்த்தார். அதே ஆண்டின் இறுதியில் டேனிஷ் அதிகாரி அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதங்கள் உள்ளே இருந்தார். வெளியே வந்து, 1711இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார். அது 1715இல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது.

தமிழரின் சமயத்தைப் பற்றி அவர் எழுதியவற்றில் கடுமையும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டறிந்து எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் எழுதிய பெரிய நூலை ஹாலேயிலிருந்த பெரியவர்கள் விரும்பவில்லை. அது 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஜெபத்துக்குப் பேர்போன இடம் அது. அங்கேயும் சில கதவுகள் சாத்தித்தான் இருந்திருக்கின்றன.

1719இல், 36 வயதில், தரங்கம்பாடியில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு அவர் கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

நமது தமிழ் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு மணல் தட்டு வைத்திருக்கிறோம். பெரியவர்களும் வந்து பக்கத்தில் உட்காரலாம். உங்கள் டொச்சைப் பிள்ளைகள் திருத்தினால் கோபிக்காதீர்கள், அவர்களுடைய 'ழ'வை நீங்கள் திருத்தலாம்.