தொட்டால் உடையும்: மொரப்பூரிலிருந்து தொப்பூர் கணவாய் வரை ஒரு சரக்கின் கதை

இன்னைக்கு நாம பேசப்போற பொருள் கடைவாசல்லயும் குடோன்லயும் சும்மா சாஞ்சு கிடக்கும். சில காபி ஷாப்ல அதையே சோஃபாவா மாத்தி வெச்சிருப்பாங்க. மரப் பேலட். நாலு பலகை, கீழ மூணு கட்டை, கொஞ்சம் ஆணி. அதுக்கு மேல ஏறி உட்கார்ந்துதான் உங்க பைக்கோட பிரேக் பாகம், காரோட கியர், லாரியோட இன்ஜின் வார்ப்பு எல்லாம் ஊர் ஊரா, நாடு நாடா போகுது. போற வழியில அது உடையாம, துருப்பிடிக்காம, நசுங்காம எப்படிப் போய்ச் சேருதுங்கிறதுதான் இன்னைக்குக் கதை. இதுக்கு டெட்ராய்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நான் உங்களைத் தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.

மொரப்பூரில் ஒரு கை மாற்றம்

மெட்ராஸ்ல இருந்து சேலம் பக்கம் போற பெரிய ரயில் பாதையில மொரப்பூர்னு ஒரு ஸ்டேஷன். 1906-ல அங்கிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் பாதை போட்டாங்க. பஞ்சம் வந்தா தானியம் கொண்டுபோகணும், பஞ்ச காலத்துல ஜனங்களுக்கு வேலையும் கொடுக்கணும்னு பிரிட்டிஷ் அரசு திட்டமிட்ட பாதைகள்ல அதுவும் ஒண்ணு. தண்டவாளத்தோட அகலம் வெறும் இரண்டரை அடி. 1913-ல அது ஓசூர் வரைக்கும் நீண்டது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. பெரிய பாதையோட வேகன் குட்டிப் பாதையில ஓடாது. அதனால மெட்ராஸ்ல ஏத்தின சரக்கு எதுவா இருந்தாலும் மொரப்பூர்ல இறக்கி, மறுபடியும் குட்டி வேகன்ல ஏத்தணும். மூட்டையா, டின்னா, மரப்பெட்டியா, எல்லாமே மனுஷன் தலையிலயும் முதுகுலயும்தான் மாறும். சரக்குப் போக்குவரத்துல ரொம்பப் பழைய விதி ஒண்ணு உண்டு. பொருள் ஓடும்போது உடையறதைவிட, கை மாறும்போதுதான் அதிகமா உடையும். ஒவ்வொரு ஏத்து இறக்கும் ஒரு ஆபத்து.

அந்தப் பாதையை 1941-ல உலகப்போர் நேரத்துல மூடி, தண்டவாளத்தையே பிடுங்கிட்டாங்க. ஆனா அது சொன்ன பாடம் பிடுங்க முடியாதது: சேதத்தைக் குறைக்கணும்னா, தொடுற தடவையைக் குறைக்கணும்.

உடைஞ்சா யார் மேல பழி?

பேலட் வர்றதுக்கு முன்னாடி இயந்திர பாகங்களை எப்படி அனுப்புனாங்க? மரப்பெட்டி, உள்ள வைக்கோல், மேல கிரீஸ், சுத்தி எண்ணெய்க் காகிதம். 1871-ல நியூயார்க்ல ஆல்பர்ட் ஜோன்ஸ்னு ஒருத்தர் நெளிநெளியா மடிச்ச காகிதத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணாடி பாட்டிலும் விளக்குச் சிம்னியும் உடையாம சுத்துறதுக்காக. இன்னைக்கு நம்ம வீட்டு வாசலுக்கு வர்ற அட்டைப்பெட்டியோட தாத்தா அதுதான்.

பெட்டி நல்லா இருந்தாலும் அதைத் தூக்குறது ஆள்தான். நூறு பெட்டி இருந்தா நூறு தடவை தூக்கணும், நூறு தடவை வைக்கணும். அறுபது கிலோ பெட்டியை நாள் முழுக்கத் தூக்குற ஒருத்தரோட கை சாயங்காலம் நழுவுனா, பில்லுல 'லோடுமேன் கவனக்குறைவு'ன்னு எழுதிடுவாங்க. அந்த எடையில பெட்டியைப் போட்டது யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

1931-ல வந்த ஒரு அமெரிக்க ரயில்வே பத்திரிகைக் கட்டுரையில ஒரு ஒப்பீடு இருக்கு. ஒரு ரயில் பெட்டியில 13,000 அட்டைப்பெட்டி டின் உணவு. தனித்தனியா இறக்க மூணு நாள் ஆச்சு. அதே சரக்கைப் பலகை மேல அடுக்கி வெச்சு இறக்குனப்ப நாலு மணி நேரம். இரண்டாம் உலகப்போர் வந்ததும் அமெரிக்க ராணுவம் இதைப் பிடிச்சுக்கிச்சு. ஃபோர்க்லிஃப்ட்டும் பேலட்டும் ஜோடியா உலகம் முழுக்கப் போச்சு. கடற்படையில இருந்த நார்மன் கேனர்ஸ், நாலு பக்கமும் ஃபோர்க்லிஃப்ட் நுழையற மாதிரி பேலட்டை மாத்தினார். போர் முடிஞ்சு அமெரிக்கப் படை ஆஸ்திரேலியாவை விட்டுக் கிளம்பினப்ப, அங்க விட்டுட்டுப் போன பேலட்டையும் ஃபோர்க்லிஃப்ட்டையும் வெச்சு ஆஸ்திரேலிய அரசு ஒரு பொது இருப்பு அமைப்பை நடத்துச்சு. 1958-ல அது தனியார் கைக்கு விற்கப்பட்டுச்சு. இன்னைக்கு உலகம் முழுக்க நீல நிற பேலட்டை வாடகைக்கு விடுற 'செப்' நிறுவனத்தோட ஆரம்பம் அதுதான்.

1980, தர்மபுரி மாவட்டம், ஓசூர்

ஓசூரை இன்னைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம்னு சொல்றோம். ஆனா 2004 பிப்ரவரி வரைக்கும் அது தர்மபுரி மாவட்டம். 1970-கள்ல அங்க சிப்காட் வந்துச்சு. 1980-ல அசோக் லேலண்ட் தொழிற்சாலை வந்துச்சு. அதே வருஷம் ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 மொபெட் வெளியே வந்துச்சு. நம்ம அப்பா, மாமா, சித்தப்பா தலைமுறையில பாதிப் பேர் அதுலதான் கேஸ் சிலிண்டர் கட்டிட்டுப் போயிருப்பாங்க.

பெரிய தொழிற்சாலை வந்தா, அதைச் சுத்தி அதுக்குப் பாகம் செஞ்சு கொடுக்குற சின்னச் சின்னப் பட்டறைகள் வரும். அப்போதான் சரக்குச் சேதம் வேற கணக்கா மாறுது. நெல் மூட்டை ஒண்ணு கிழிஞ்சா கொஞ்சம் நெல் போகும், அவ்வளவுதான். ஆனா மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அளவுக்குக் கடைஞ்ச ஒரு தண்டு, பக்கத்துல இருக்குற இன்னொரு தண்டு மேல மோதி ஒரு சின்னத் தழும்பு விழுந்தாக்கூட அது கழிவு. எடைக்குப் போட வேண்டியதுதான். அதுலயும் ஜப்பான் முறையில, தேவைப்படுற நேரத்துக்குத்தான் பாகம் வரணும், குடோன்ல குவிக்கக் கூடாதுன்னு வந்த பிறகு, ஒரு பேலட் கெட்டுப்போனா மாத்து வைக்க ஆளில்லை. அசெம்பிளி லைன் நிக்கும். 1998-ல சுந்தரம் கிளேட்டனோட பிரேக் பிரிவும், 2002-ல டிவிஎஸ் மோட்டாரும் தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கினாங்க. அந்த அளவு தரம்னா, அது தொழிற்சாலை கேட்டோட நிக்காது. லாரிக்குள்ளயும் தொடரணும்.

ஓடாமலே தேய்ஞ்ச சக்கரம்

சரி, பேலட் வந்தாச்சு, பிரச்சினை தீர்ந்துச்சான்னா, இல்லை. பிரச்சினை உருமாறுச்சு.

1930-கள்ல டெட்ராய்ட்ல இருந்து புதுக் கார்களை ரயில்ல ஏத்தித் தூர ஊர்களுக்கு அனுப்புனாங்க. இறக்கிப் பார்த்தா, ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத காரோட சக்கர பேரிங் தேய்ஞ்சிருக்கு! ஜான் ஆல்மென் என்கிற பொறியாளர் காரணத்தைக் கண்டுபிடிச்சார். ரயிலோட தொடர் அதிர்வுல, சுழலாத பேரிங்குக்குள்ள இருக்குற குண்டு ஒரே இடத்துல லேசா உரசிக்கிட்டே இருக்கு. நடுவுல இருந்த மசகு விலகிடுது, உலோகம் உலோகத்தைத் தின்னுது. தூரம் கூடக் கூட சேதம் கூடுச்சு. எந்தப் பருவத்துல அனுப்புனாங்கங்கிறதும் வித்தியாசத்தைக் காட்டுச்சு. பெட்டி உடையலை, எதுவும் விழலை, ஆனா பொருள் கெட்டுப்போச்சு.

அடுத்து துரு. கப்பல் கன்டெய்னர்ல பகல் சூடு, ராத்திரி குளிர். உள்ள இருக்குற ஈரம் கூரையில வேர்த்துச் சொட்டும். இதுக்குத்தான் தனி ரசாயனம் ஏத்தின காகிதமும் பிளாஸ்டிக் பையும் வந்துச்சு. அதுல இருந்து மெல்ல ஆவியாகி வர்ற பொருள் உலோகத்து மேல கண்ணுக்குத் தெரியாத படலமா ஒட்டிக்கும். கிரீஸ் பூசவும் வேண்டாம், அங்க போய்க் கழுவவும் வேண்டாம்.

அடுத்து வண்டு. 1996-ல நியூயார்க்ல புரூக்ளின் பகுதி மரங்கள்ல ஆசியாவைச் சேர்ந்த நீளக்கொம்பு வண்டைக் கண்டுபிடிச்சாங்க. பொதி கட்டி வந்த மரத்துல ஒளிஞ்சு வந்திருக்கும்னு முடிவுக்கு வந்தாங்க. 2002-ல ஐஎஸ்பிஎம் 15-னு ஒரு சர்வதேச விதி வந்துச்சு. அதுல சொன்ன ஒரு வழி: ஏற்றுமதிக்குப் போற பேலட் மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, 30 நிமிஷம் நிக்கணும். அப்படிச் செஞ்சதுக்கு அடையாளமாத்தான் பேலட் பக்கவாட்டுல கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். காபி ஷாப் சோஃபாவுல தேடிப் பாருங்க.

கணவாயில் என்ன நடக்குது

இப்ப நாம தர்மபுரிக்குத் திரும்புவோம். ஓசூர்ல ஏத்தின சரக்கு கோயம்புத்தூருக்கோ தூத்துக்குடித் துறைமுகத்துக்கோ போகணும்னா, தேசிய நெடுஞ்சாலை 44-ல தர்மபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாய்ல இறங்கணும். அந்த இறக்கத்தோட பேர் தமிழ்நாட்டு லாரி டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். 2020 டிசம்பர்ல ஒரு லாரி அங்க வரிசையா நின்ன வண்டிகள் மேல மோதி 4 பேர் செத்தாங்க. 2024 ஜனவரியில இன்னொரு கோர விபத்து, மறுபடியும் 4 பேர்.

இந்த விபத்துகளுக்குச் சரக்குக் கட்டுதான் காரணம்னு நான் சொல்லலை. நீளமான இறக்கம், வளைவு, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல இறங்குறதுன்னு பல விஷயம் பேசப்படுது. நான் சொல்ல வர்றது வேற: இப்படி ஒரு இறக்கத்துல டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதிச்சா, பின்னாடி இருக்குற பேலட் என்ன பண்ணும்?

ஒரு கணக்குப் போடுவோம். ஐரோப்பியத் தரநிலை, சாலையில போற சரக்கு முன்பக்கமா நகராம இருக்க, அதோட எடையில 80 சதவீத விசையைத் தாங்கற மாதிரி கட்டணும்னு சொல்லுது. ஒரு பேலட் 1000 கிலோன்னா, 800 கிலோ விசை. அறுத்த மரம் பிளைவுட் தரை மேல இருந்தா உராய்வு கிட்டத்தட்ட 450 கிலோ வரைக்கும் பிடிக்கும். மீதி 350 கிலோவை யார் பிடிக்கிறது? பெல்ட் பிடிக்கணும், இல்ல முன்னாடி முட்டுக்கட்டை இருக்கணும். பேலட்டுக்கு அடியில ஒரு ரப்பர் விரிப்பு போட்டா உராய்வே 600 கிலோ பிடிக்கும், மீதி 200தான். விலை குறைஞ்ச ஒரு ரப்பர் துண்டு பாதிக்குக் கொஞ்சம் குறைவான சுமையை வாங்கிக்குது. ரெண்டுமே இல்லாம, பேலட்டுகளுக்கு நடுவுல இடைவெளியும் விட்டு, மேல தார்ப்பாயை மட்டும் இழுத்துக் கட்டுனா? தார்ப்பாய் மழையைத்தான் தடுக்கும். ஒரு டன் வார்ப்பிரும்பைத் தடுக்காது. அது நேரா கேபினை நோக்கி வரும். பிளாஸ்டிக் ஸ்ட்ரெச் ரோலும் அப்படித்தான். அது பெட்டிகளை பேலட்டோட சேர்த்து வைக்கும், பேலட்டை லாரியோட சேர்த்து வைக்காது.

முன்ன கேட்ட கேள்வியை இப்ப எடுப்போம். உடைஞ்சா யார் மேல பழி? ஏத்துறது தொழிற்சாலை. அடுக்கறது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர். கன்டெய்னரா இருந்தா பூட்டி சீல் வெச்சுக் கொடுத்துடுவாங்க, டிரைவர் திறந்துகூடப் பார்க்க முடியாது. உள்ள எப்படி அடுக்கியிருக்குன்னு தெரியாத ஒருத்தர்தான் அந்தச் சரக்குக்கு முன்னாடி உட்கார்ந்து கணவாய் இறங்குறார். அந்தக் காலத்துல லோடுமேன் தலையில விழுந்த பழி, இப்ப டிரைவர் தலையில விழுது. பேலட் சரக்கைத் தொடுற கைகளைக் குறைச்சது உண்மை. பொறுப்பை மட்டும் அதே கீழ்த்தட்டுக் கையிலயே விட்டுடுச்சு.

சரக்கு பாதுகாப்புன்னா பலரும் பொருளோட விலையைத்தான் யோசிக்கிறாங்க. நூறு வருஷக் கதையைப் பார்த்தா எனக்குத் தோணுறது இதுதான்: ஒரு பாகம் நசுங்காம போய்ச் சேர என்னென்ன பண்ணணுமோ, அதே வேலைகள்தான் அதை ஓட்டிட்டுப் போறவரையும் வீடு சேர்க்குது. இடைவெளி விடாத அடுக்கு, அடியில விரிப்பு, சரியான பெல்ட், ஏத்தினவர் கையெழுத்துப் போட்ட ஒரு சரிபார்ப்புத் தாள். இதுல எதுவும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை.

மொரப்பூர்–தர்மபுரி பாதைக்கு 2019 மார்ச்ல மறுபடியும் அடிக்கல் நாட்டினாங்க. இந்தத் தடவை அகலப் பாதை. அது ஓட ஆரம்பிச்சா, மொரப்பூர்ல சரக்கை இறக்கி ஏத்த வேண்டியதில்லை. அதுவரைக்கும் பாரம் எல்லாம் கணவாய் மேலதான். நெடுஞ்சாலையில ஒரு லாரிக்கு முன்னாடி உங்க பைக்கை நுழைக்கத் தோணுனா, அந்த டிரைவருக்குப் பின்னாடி என்ன இருக்கு, அதை யார் எப்படிக் கட்டினாங்கன்னு அவருக்கே தெரியாம இருக்கலாம்ங்கிறதை நினைச்சுக்கோங்க. கொஞ்சம் இடம் விடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.