மரக்காலைக்கா, விறகுகாலைக்கா? விழுந்த மரத்தின் விதி முதல் வெட்டில்

கடந்த மாரியில் அடித்த காற்றில், தென்மராட்சியில் பெரியம்மாவின் வளவில் நின்ற வேம்பு வேரோடு சாய்ந்தது. அடுத்த நாள் காலை நான் போய்ச் சேர்ந்தபோது, இயந்திர வாளோடு வந்த இரண்டு இளைஞர்கள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். கொப்புகள் கழிக்கப்பட்டு, அடிமரத்தின் மேற்பகுதி இரண்டடித் துண்டுகளாக நான்கு விழுந்து கிடந்தது. மிஞ்சியது ஏறத்தாழ ஏழடி.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று அவர்களை நிறுத்தினேன். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "விறகுக்காரன் காசில்லாமல் வெட்டி ஏத்திக்கொண்டு போறன் எண்டவன். இதைப் போய் ஆர் தம்பி வாங்குவினம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது அறிந்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் காற்றிலும், வீதி அகலிப்பிலும், வீடு கட்டும்போதும் விழுகின்ற கடின மரங்களில் பல, விறகாவதற்குக் காரணம் மரத்தின் தரம் அல்ல. விழுந்த முதல் ஓரிரு நாட்களுக்குள் யாரோ அவசரத்தில் எடுக்கும் ஒரு முடிவுதான்.

நீளம் போனால் எல்லாம் போச்சு

ஒரு குற்றியின் பயனை முதலில் தீர்மானிப்பது அதன் நீளம். கதவு நிலைக்கு ஏழடி வேண்டும். வாங்குக்கு நான்கு, ஐந்தடி. கதிரைக் காலுக்கு ஒன்றரை அடி போதும். இரண்டடியாக வெட்டப்பட்ட அடிமரத்திலிருந்து நிலையோ கட்டிலோ ஒருபோதும் வராது. நீளமாகக் கிடக்கும் குற்றியைப் பிறகு எப்போதும் குறுக்கலாம், குறுகியதை நீட்ட முடியாது.

ஆகவே மரம் விழுந்தால் முதல் வேலை கொப்புகளைக் கழித்து வழியைத் திறப்பது மட்டுமே. அடிமரத்தை எட்டு, ஒன்பதடியாக விட்டுவிட்டு ஓர் ஓடாவியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இரு பெரிய கொப்புகள் பிரிகின்ற கவட்டையையும் வெட்டிப் பிளக்க விடவேண்டாம். அங்கேதான் இழைகள் பின்னி அழகான கோலம் விழும். அடியில் ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதியும் அப்படித்தான்.

மரத்துக்குள் கிடக்கும் போர்

நீளம் இருந்தும் எங்கள் வேம்பை மரம் அரியும் ஆலையில் ஏற்கவில்லை. ஊர்ப் பெயரைக் கேட்டதுமே அவர் கையை விரித்துவிட்டார். "ஷெல் துண்டு ஒண்டு தட்டுப்பட்டால் என்ரை வாள் முடிஞ்சுது தம்பி." 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அவருடைய பயம் விளங்கும். வன்னியிலும் இதே கதைதான். அப்போது நின்ற மரங்கள் ஷெல் துண்டுகளையும் சன்னங்களையும் வாங்கிக்கொண்டு, மேலே புதுமரம் மூடி வளர்ந்துவிட்டன. வெளியே பட்டையில் ஒரு வடு மட்டும் தெரியும், சிலவேளை அதுவும் தெரியாது.

இது எங்களுக்கு மட்டும் வந்த சிக்கல் அல்ல. முதலாம் உலகப் போரில் 1916இல் சண்டை நடந்த பிரான்ஸின் வெர்டன் பகுதி மரங்களிலும், 1944இல் சண்டை நடந்த ஜேர்மனியின் ஹூர்ட்கன் காட்டு மரங்களிலும் உலோகத் துண்டுகள் கிடந்தன. அப்படிப்பட்ட மரத்தை வாளில் ஏற்றுமுன் உலோகம் தேடும் கருவியால் பார்ப்பதே வழி.

நாங்களும் ஒரு கைக்கருவியை இரவல் வாங்கி, பட்டையை உரித்துவிட்டுக் குற்றி முழுவதும் தடவிப் பார்த்தோம். சத்தம் வந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தோம். பல கடின மரங்களில் இன்னொரு அடையாளமும் உண்டு. இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து, வெட்டுமுகத்தில் கருநீலக் கறையாகத் தெரியும். அந்தக் கறை இருந்தால் அருகில் எங்கோ இரும்பு இருக்கிறது. இவ்வகைக் கருவி ஆழத்தில் கிடப்பதைத் தவறவிடலாம் என்பதால், ஒவ்வொரு பலகையாக அரிந்த பிறகும் மீண்டும் தடவ வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. மரத்திலோ, வேர் பெயர்ந்த குழியிலோ வெடிக்காத பொருள் போல எதையாவது கண்டால் தொடாமல் பொலிஸுக்கு அறிவியுங்கள். பலகை போனால் போகட்டும்.

ஆலை ஏற்காத குற்றியை இயந்திர வாளாலேயே பலகையாக அரியலாம். வாளை ஒரு சட்டத்தில் பூட்டி, நேரான பலகையொன்றை வழிகாட்டியாக மேலே அறைந்து, நீளவாக்கில் இழுக்க வேண்டும். இரும்பு பட்டால் சங்கிலிதான் பழுதாகும், அதைத் தீட்டலாம் அல்லது மாற்றலாம். ஆலையின் பெரிய வாளோடு ஒப்பிட்டால் அது சிறிய இழப்பு. குறை என்னவென்றால், ஒவ்வோர் அரிவிலும் கால் அங்குலத்துக்கு மேல் மரம் தூளாகப் போகும்.

எந்த மரம், எதற்கு?

வேம்பை மலிவாக நினைப்பவர்கள் பலர். அது மகோகனியின் குடும்பத்தைச் சேர்ந்தது. செந்நிறமான அதன் வைரத்தைப் பூச்சி எளிதில் அண்டாது. நிலை, யன்னல், அலுமாரி எல்லாம் செய்யலாம்.

பலாவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். தவிலின் கட்டையும் மிருதங்கத்தின் கட்டையும் பலாவில் குடைந்து எடுக்கப்படுபவை. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி பிறந்த மண்ணில், மூன்றடிப் பலாக்குற்றி விறகாவது வெட்கக்கேடு. குறுகிய குற்றிக்கும் பெரிய வாழ்வு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

புளி வைரமானது, இழை பின்னியது. பலகை அரிவது சிரமம். ஆனால் இறைச்சி வெட்டும் கட்டைக்கும் உரலுக்கும் ஏற்றது. பூவரசு வண்டில் சில்லுக்கும் ஆயுதப் பிடிகளுக்கும் போனது. இலுப்பை தேர் செய்ய உதவுவது. காட்டு மரமான சாவண்டலை ஒரு காலத்தில் 'திருகோணமலை மரம்' என்ற பெயரிலேயே கடல் கடந்து, சென்னைக் கரையில் மசூலா படகு கட்டப் போனது.

மா மரம் வைரம் குறைந்தது. விழுந்த சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து உளுக்கத் தொடங்கும். அதற்காக எரிக்க வேண்டியதில்லை. இந்தியாவின் ஜோத்பூரில் மா மரத்தில் தளபாடம் செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். விரைவாக அரிந்து காயவைப்பதுதான் விஷயம்.

காயவைக்கத் தெரியாவிட்டால் மீண்டும் விறகு

குற்றியின் இரு வெட்டுமுகங்களாலும் நீர் மிக விரைவாக வெளியேறும். நடுப்பகுதி ஈரமாக இருக்க நுனி சுருங்குவதால்தான் வெடிப்பு விழுகிறது. ஆகவே வெட்டிய அன்றே முகங்களுக்குப் பழைய பெயின்ற்றோ உருக்கிய மெழுகோ தடிப்பாகப் பூசிவிட வேண்டும். இதைச் செய்யாத குற்றியில் இரு பக்கமும் ஓரடியாவது வீணாகும்.

பிறகு தாமதிக்காமல் அரிய வேண்டும். மரம் வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. முழுக்குற்றியாக விட்டால் வெடிப்பதற்கு அதுவே காரணம்.

அரிந்த பலகைகளை நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் அடுக்குங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் இரண்டடிக்கு ஒன்றாக ஓரங்குலச் சிலாகைகளை நேர்கோட்டில் வைக்க வேண்டும். மேலே தகரம், அதன்மேல் பாரம். ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, வெப்பமான எங்கள் பகுதியில் அதைவிட விரைவாகவே காயும். சிறு துண்டொன்றை மாதம் ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் பலகை காய்ந்துவிட்டது.

வெளிறிய வெள்ளைப் பகுதியில் மாச்சத்து இருப்பதால் வண்டு முதலில் அங்கேதான் துளைக்கும். போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரில் ஈரப்பலகையை ஊறவைப்பது அதற்குப் பரிகாரம்.

இந்தப் பரிகாரம் ஒரு மரத்தின் விதியையே மாற்றியிருக்கிறது. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் எடுத்தபின் வெட்டப்படும் இறப்பர் மரம் நெடுங்காலம் அடுப்புக்கே போனது. மலைநாட்டில் தேயிலை உலர்த்தும் கொதிகலன்களிலும் அது எரிந்தது. வெட்டியவுடன் பூஞ்சணமும் வண்டும் பிடிப்பதே அதன் குறை. போரன் ஏற்றி, சூளையில் காயவைக்கும் முறை பரவியபின், 1980களில் மலேசியாவின் தளபாடத் தொழில் அந்த விறகின்மீதே எழுந்தது. மரம் அதேதான், கையாண்ட விதம் மட்டுமே மாறியது.

அனுமதியும் கவனமும்

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும், சொந்த வளவில் நின்றாலும்தான். மரக்குற்றியையோ பலகையையோ வீதியில் ஏற்றிச்செல்ல வனவளத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. சில இனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. காற்றில் விழுந்த மரமென்றால் வெட்டுமுன் படமெடுத்து, கிராம அலுவலருக்குக் காட்டிவிடுவது நல்லது. வளவிலேயே அரிந்து, வளவிலேயே பயன்படுத்தினால் ஏற்றியிறக்கும் சிக்கலே இல்லை.

விறகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் எரிவாயு இல்லாமல் நின்றபோது எங்கள் அடுப்புகளைக் காப்பாற்றியது விறகுதான். கொப்பும், கோணலும், அரிவின் மிச்சமும் அடுப்புக்குப் போகட்டும். அவையே தாராளம். உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி கரிமம். எரித்தால் உடனே காற்றில் கலக்கும் அது, கதவாக நின்றால் தலைமுறைகளுக்கு வீட்டிலேயே இருக்கும்.

எங்கள் ஏழடிக் குற்றியில் ஒன்பது பலகைகள் தேறின. ஒன்றின் நடுவே, விரல்நகம் அளவான ஷெல் துண்டும் அதைச் சுற்றிக் கருநீல வட்டமும் இருந்தன. ஓடாவி அண்ணை அதைத் தோண்டி எடுத்துப் பெரியம்மாவின் கையில் கொடுத்தார். அவர் வெகுநேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் வைச்சுக்கொண்டோ இவ்வளவு காலமும் எங்களுக்கு நிழல் தந்தது" என்றார்.

பலகைகள் மாட்டுக்கொட்டிலின் ஓரத்தில் காய்கின்றன. முதலில் கிணற்றடிக்கு ஒரு வாங்கு செய்யச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா. அந்தக் கறை பட்ட பலகையைக் கழிக்க வேண்டாமாம், அதுவே மேல்பலகையாக வரவேண்டுமாம். நான் பிந்திப்போன காலையில் விழுந்த இரண்டடித் துண்டுகள் நான்கில், இரண்டு முக்காலிகளாகிவிட்டன. மற்ற இரண்டும் அடுப்புக்குப் போய்விட்டன.