மூன்று முனைச் செருகியின் கதை



பள்ளி விடுமுறையின்போது, எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார் இல்லம் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினார். படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி யாவும் உள்ளேயே அமைந்த வண்டி. வரவேற்பறையிலிருந்து சன்னல் வழியே பழைய கம்பி ஒன்றை இழுத்து அதற்கு மின்சாரம் கொடுத்திருந்தார். மழை ஓய்ந்த மாலையில், அவ்வண்டியின் கதவைத் தொட்ட என் மகன் "சுருக்கென்றது அப்பா" என்று கையை உதறினான். நல்லவேளை, அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை. கம்பியைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே இரண்டு இழைகளே இருந்தன. எர்த் எனப்படும் புவிக்கம்பி இல்லை.

"விளக்கு எரிகிறதே தம்பி, பிறகென்ன?" என்றார் அண்ணன். அவர் கேள்விக்கு வரலாற்றில் விடை உண்டு.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, போருக்குப் பிந்திய வீடுகளின் மின்னமைப்பை ஆராயப் பிரிட்டனில் ஒரு குழு அமைந்தது. அதில் இடம்பெற்ற ஒரே பெண்மணி கரோலின் ஹாஸ்லெட். இல்லத்தரசிகளுக்கு மின்சாரத்தை அறிமுகப்படுத்த 1924இல் தொடங்கப்பட்ட மகளிர் மின்சாரச் சங்கத்தை வழிநடத்தியவர் அவர். குழுவின் அறிக்கை 1944இல் வெளிவந்தது. அதன் பயனாக 1947இல் பிறந்ததே பி.எஸ். 1363 என்னும் 13 ஆம்பியர் செருகி. இன்று மலேசிய வீடுகளில் நாம் பயன்படுத்துவதும் அதுவே.

அதன் மூன்று முனைகளுள் புவிமுனை மட்டும் நீளமானது. அதுவே முதலில் நுழைந்து, மற்றத் துளைகளை மறைத்திருக்கும் சிறு தடுப்புகளைத் திறக்கிறது. குழந்தைகள் குச்சியையோ ஊசியையோ நுழைத்துவிடாதிருக்கவே அத்தடுப்புகள். மிகுதியான மின்னோட்டம் பாய்ந்தால், செருகியினுள் இருக்கும் ஃபியூஸ் உருகிக் கம்பியைக் காக்கும்.

ஆயினும் இச்செருகி வீட்டின் உட்புறத்திற்கென உருவானது. மோட்டார் இல்லமோ வெளியே மழையில் நனைந்து, ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கிறது. அதன் உடலில் மின்கசிவு ஏற்பட்டால், புவிக்கம்பி இல்லாதபோது, தொடுபவரின் உடலே அம்மின்சாரம் நிலத்தை அடையும் பாதையாகிவிடும்.

இத்தகைய வண்டிகளுக்கு ஐரோப்பிய முகாம்களில் வழங்குவது நீலநிற வட்டச் செருகி. தொழிற்சாலைகளுக்கென உருவாகி, 1968இல் பிரிட்டனில் பி.எஸ். 4343 என்னும் தரம் பெற்றது. 16 ஆம்பியர் தாங்கும். மழைநீர் புகாதவாறு மூடியும் உண்டு. 230 வோல்ட்டில் வீட்டுச் செருகி ஏறத்தாழ 3,000 வாட் தரும். இது 3,680 வாட் தரும்.

மறுவாரமே அண்ணன், உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து, மின்கசிவுத் துண்டிப்பானுடன் நீலச் செருகியை வெளிச்சுவரில் பொருத்தினார். மூன்றிழைக் கம்பியும் வாங்கினார். சுருளாகக் கிடக்கும் கம்பி சூடேறி உருகக்கூடும் என்பதால், அதை முழுதும் விரித்தே பயன்படுத்துகிறார்.

வாசகர்களே, விளக்கு எரிய இரண்டு இழைகள் போதும். மூன்றாவது இழை நம் பிள்ளைகளுக்காக. உங்கள் வீட்டு நீட்டிப்புக் கம்பிகளை இன்றே ஒருமுறை பாருங்கள்.