ஒரே பீடம், இரண்டு கூடங்கள்

ஜூபிலி மலர் என்றால் அதில் அடிக்கல் நாட்டிய ஆண்டும், மணிக்கூண்டு எழும்பிய வரலாறும், பணியாற்றிய குருக்களின் பெயர்வரிசையும் இடம்பெறுவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டினால், கட்டிய கதைக்குப் பக்கத்திலேயே பிரிந்த கதையும் கிடப்பதைக் காண்கிறோம். சப்பரம் எந்தத் தெருவில் முதலில் நிற்பது, கொடிக்கயிற்றை யார் பிடிப்பது, கோயில் சாவி யார் கையில் இருப்பது என்று எழுந்த வழக்குகளுக்குத் தமிழகத் திருச்சபை வரலாற்றில் பஞ்சமில்லை. விழாக் காலத்தில் இதையெல்லாம் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பழைய ஏற்பாட்டில் ஜூபிலி ஆண்டு என்பது கைமாறிய நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, அடிமையை விடுதலை செய்யும் ஆண்டு. ஆகையால் பேசலாம் என்றே நாம் கருதுகிறோம்.

திருச்சபையில் பிரிவினை என்றதும் பதிதப் போதனைகளும் அவற்றைக் கண்டித்த சங்கங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் விசுவாசப் பிரமாணத்தில் ஓர் எழுத்துக்கூட வேறுபாடு இல்லாமல், ஒரே செபமாலையைச் சொல்லிக்கொண்டே இரண்டாகப் பிரிந்த சபைகள் எத்தனை! அவற்றின் காரணத்தைத் தேடப் பெரிய வேதசாஸ்திர நூல்கள் தேவையில்லை. சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழினுள் இரண்டு போதும்: ஆங்காரம், காய்மகாரம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் வந்த நோயன்று. ஏறக்குறைய கி.பி. 55-ல் புனித சின்னப்பர் கொரிந்து நகர் சபைக்கு நிருபம் எழுதியபோதே அங்கே கட்சிகள் இருந்தன. ஒருவர் சின்னப்பர் கட்சி, ஒருவர் அப்பொல்லோ கட்சி, இன்னொருவர் இராயப்பர் கட்சி. அதைவிட மோசமானது, ஆண்டவருடைய இராப்போசனத்துக்குக் கூடிய இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்தி உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு நின்றது. அப்போஸ்தலர் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார். பலன்? ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து, கி.பி. 96-ஐ ஒட்டி, உரோமை ஆயர் புனித கிளமெந்து அதே சபைக்கு அதே காரியத்துக்காக மீண்டும் எழுத நேர்ந்தது. இம்முறை சிலர் சபையின் மூப்பர்களையே பதவியிலிருந்து தள்ளியிருந்தனர். அவர்கள் விசுவாசத்தில் தவறினர் என்று கிளமெந்து குற்றஞ்சாட்டவில்லை. காய்மகாரமே காரணம் என்கிறார். காயீன், சூசையின் சகோதரர், தாவீதைத் துரத்திய சவுல் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, இராயப்பரும் சின்னப்பரும் பாடுபட்டதும் இதனாலேயே என்று முடிவு செய்கிறார். அப்போஸ்தலரே நிறுவிய சபைக்கு இந்தக் கதி!

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் தெ நொபிலி சுவாமிகளின் தமிழ்த் தொண்டையும் துறவையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம். அவருக்கு முன்பே மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தஸ் சுவாமிகளின் கோயில் இருந்தது. அது கடற்கரையிலிருந்து வந்த பரவ மக்களுக்கு உரியதாய் இருந்தது. நொபிலி வேறு கோயில் எழுப்பி, உயர்ந்தவர் எனப்பட்டோரிடையே வேதம் போதித்தார். பின்னர் 1640 முதல் பண்டார சாமிகள் என்ற இன்னொரு வகைக் குருக்கள் மற்றச் சாதியாருக்காக ஏற்பட்டனர். இரு வகையாரும் ஒரே சேசு சபைத் துறவிகள். ஒரே வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். ஆனால் மக்கள் பார்க்க ஒரே பந்தியில் உட்கார முடியாது. அவர்களுடைய நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. அக்காலத்தில் வேறு வழி தெரியவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் வித்து எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

உரோமை இதைக் கவனிக்காமல் இல்லை. 1703-ல் பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், நோயுற்ற பறையர் வீடுகளுக்குள் குருக்கள் சென்று தேவதிரவிய அனுமானங்களை வழங்க மறுப்பதைக் கண்டித்தார். நெடுங்காலம் வாதம் நடந்தது. 1744-ல் பாப்பரசர் 14-ம் ஆசீர்வாதப்பர் காலத்தில் அந்த மக்களுக்கென்றே தனிக் குருக்களை ஏற்படுத்தும் ஏற்பாட்டுக்கு இடம் கொடுக்கப்பட்டது. நோயாளிக்கு மருந்து கிடைத்தது. நோய் அப்படியே இருந்தது.

வடக்கன்குளத்தின் கதையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெல்லைச் சீமையில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே உள்ள ஊர் அது. 1680-ஐ ஒட்டி நாடார் குலப் பெண்மணி ஒருவர் மனந்திரும்பியதிலிருந்து அங்கே சபை வளர்ந்தது. திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி தெ லனாய் வாயிலாக யோபுவின் சரிதையைக் கேட்டு விசுவாசம் கொண்டபோது, சொந்த நாட்டில் ஞானஸ்நானம் பெற வழியின்றி எல்லை கடந்து வந்து சேர்ந்ததும் இவ்வூருக்கே. 1745-ல் புத்தாரி சுவாமிகள் அவருக்கு லாசர், அதாவது தேவசகாயம், என்று பெயரிட்டார். அவர் மனைவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். ஊர் திரும்பிய தேவசகாயம் சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகினார். அரண்மனையின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1749-ல் சிறைப்பட்டு, 1752 சனவரி 14-ல் காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார்.

இப்படிப்பட்டவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில்தான் அடுத்த நூற்றாண்டில் இச்சம்பவம் நடந்தது. 1773-ல் சேசு சபை கலைக்கப்பட்டதும் மதுரை மிஷன் போதிய மேய்ப்பர் இன்றித் தவித்தது. 1838-ல் பிரெஞ்சு சேசு சபையார் வந்து பார்த்தபோது, பல ஊர்களில் கோயில் காரியங்கள் சாதிக் காரியங்களாகவே ஆகியிருந்தன. வடக்கன்குளத்தில் வேளாளருக்கும் நாடாருக்கும் இடையே, யார் எங்கே உட்காருவது, யாருக்கு எந்த மரியாதை என்ற தகராறு ஓயவில்லை. இரு சமூகங்களின் பெயரையும் நாம் சொல்வது எவரையும் பழிக்க அன்று. வேறு ஊரில் வேறு பெயர்கள், அவ்வளவுதான். ஒதுக்கப்பட்டதாக வருந்தியவர்களே தமக்குக் கீழே இன்னொருவரை ஒதுக்கத் தயங்காததையும் நாம் பார்த்திருக்கிறோம்.

முடிவில் 1872-ல் ஓர் அதிசயமான கோயில் எழும்பியது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரண்டு நீண்ட கூடங்கள் பிரிந்து செல்கின்றன. விரித்துப் போட்ட கால்சட்டையைப் போன்றது என்று அதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஒரு கூடத்தில் வேளாளர், மற்றதில் நாடார். நடுவே தடுப்பு. இரு சாராரும் குருவைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. ஒரே பூசை, ஒரே மணியோசை, ஒரே அப்பம். ஒரே அப்பத்தில் பங்குகொள்வதால் நாம் அனைவரும் ஒரே உடல் என்று கொரிந்தியருக்கு எழுதப்பட்ட நிருபம் அந்தப் பீடத்திலும் வாசிக்கப்பட்டிருக்கும்! இடப்புறத்தாரும் வலப்புறத்தாரும் அதைக் கேட்டிருப்பார்கள்.

இதற்கு ஒரு சாராரின் ஆங்காரத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் நீதியாகாது. கட்டியவர்கள் குருக்கள், தேர்ந்த கல்விமான்கள், தங்கள் நாட்டைவிட்டு வந்து இந்த வெயிலில் உயிர்விட்டவர்கள். சமாதானம் வேண்டித்தான் கட்டினார்கள். கண்டித்தால் ஒரு கூட்டம் கோபித்துப் போய்விடும் என்று அஞ்சினார்கள். போகவும் இடம் இருந்தது. அந்த அச்சமும் ஒரு ஞானக் காரணமே என்பது நம் எண்ணம். ஆடுகள் குறையுமே என்று மேய்ப்பன் கணக்குப் பார்க்கத் தொடங்கினால், பட்டியின் நடுவே வேலி போடக்கூடச் சம்மதிப்பான். தடுப்பு நின்ற 38 ஆண்டுகளில் அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோயில் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கும். முந்திய தலைமுறையின் பாவம் பிந்திய தலைமுறைக்கு வழக்கமாகிவிடுகிறது. வழக்கமானதைப் பாவசங்கீர்த்தனத்தில் யார் சொல்வார்?

போக இடம் இருந்தது என்றோமே, அது என்ன? போர்த்துகல் அரசரின் பதுரவாதோ என்னும் ஞான அதிகாரத்துக்கும், உரோமையின் விசுவாசப் பரப்புதல் சபைக்கும் இடையே அக்காலத்தில் நடந்த போட்டியைச் சொல்கிறோம். 1838-ல் பாப்பரசர் 16-ம் கிரகோரியார் மயிலாப்பூர், கொச்சி முதலிய இடங்களில் போர்த்துகல் அதிகாரத்தை நிறுத்தினார். கோவைக் குருக்கள், அதாவது கோவா மறைமாநிலத்தைச் சார்ந்தவர்கள், பலர் அதை ஏற்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு குருக்கள், இரண்டு கோயில்கள், இரண்டு கட்சிகள் என்று ஆயிற்று. 1857-லும் 1886-லும் உடன்படிக்கைகள் ஆயின. இரட்டை ஆட்சி முற்றிலும் நீங்க 1928 வரை ஆனது. பெரிய இடத்துச் சண்டை சிற்றூருக்கு வந்தபோது அதற்கு வேறு பயன் ஏற்பட்டது. ஒரு குரு கண்டித்தால், மறுநாளே அடுத்த குருவிடம் போய்விடுவோம் என்று மிரட்டலாம். தாழ்ச்சியோடு திருந்த வேண்டிய இடத்தில் கட்சி மாறும் வசதி கிடைத்துவிட்டது. இரு தரப்புக் குருக்களும் வந்தவர்களை வரவேற்றார்கள் என்பதுதான் வருத்தம்.

பிரிந்த சகோதரர்களின் சபைகளும் இதற்கு விலக்கல்ல. 1833-ல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றுநிருபம் விடுத்ததும் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங்குழப்பம் மூண்டது. பலர் சபையை விட்டே விலகினர்.

வடக்கன்குளத்துத் தடுப்பு 1910-ல் அகற்றப்பட்டது. துணிந்து செய்தவர் கௌசானல் சுவாமிகள். பாளையங்கோட்டையில் 1903-ல் திரு இருதய சகோதரர்கள் சபையை நிறுவியவர். ஊர் கொந்தளித்தது. பழைய வழக்கத்தையும் உரிமையையும் காட்டி வேளாளர் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை ஏறியது. அங்கும் தடுப்புக்கு ஆதரவு கிடைக்கவில்லை. (இரு தரப்பும் வழக்குக்குச் செலவிட்ட பணத்தில் ஒரு நல்ல பள்ளிக்கூடம் எழுப்பியிருக்கலாம்.) கிறிஸ்தவர்கள் ஒரே இடத்தில் முழந்தாளிடலாமா என்பதை ஆங்கில அரசின் நீதிபதிகள் தீர்த்துவைக்க நேர்ந்ததே என்று எண்ணும்போது நமக்குத் தலைகுனிவு ஏற்படுகிறது. கல்லை அகற்ற 38 ஆண்டு. மனத்தில் இருப்பதற்கு நீதிமன்றம் என்ன செய்யும்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி விடுத்த ஏட்டில், பிரிவினைகளில் இரு புறத்தாரும் குற்றவாளிகளாய் இருந்ததுண்டு என்று ஒப்புக்கொண்டது. அதை வாசித்து நாம் லூத்தரன் சபையாரோடு ஒன்றிப்பு வாரம் கொண்டாடினோம், நல்லதே. ஆனால் ஒரே பங்குக்குள் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வழி இருப்பதற்கும் அந்த ஏட்டுக்கும் தொடர்பு உண்டு என்று நாம் அவ்வளவாக நினைத்துப் பார்க்கவில்லை. 2003-ல் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை ஏடு, சாதிப் பாகுபாடு பெரும் சமூகப் பாவம் என்றும், அது திருச்சபைக்குள்ளேயே நிலவுகிறது என்றும் கூறியது. இதைச் சொல்ல ஆயர்களுக்குத் தாழ்ச்சி வேண்டியிருந்திருக்கும். கேட்கும் நமக்கு அதைவிட அதிகம் வேண்டும்.

தேவசகாயத்தின் உடல் கோட்டாறு புனித சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோதும் பலர் வாயில் அவர் தேவசகாயம் பிள்ளைதான். நம் பழைய செபப் புத்தகங்களிலும் அப்படியே. புனிதர் பட்டத்துக்கு முன்பு, சாதிப் பெயர் வேண்டாம் என்று உரோமைக்கு விண்ணப்பங்கள் சென்றன. 2022 மே 15-ஆம் நாள் புனித இராயப்பர் சதுக்கத்தில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது வாசிக்கப்பட்ட பெயர், தேவசகாயம் என்று அழைக்கப்பட்ட லாசர் என்பது. 1745-ல் வடக்கன்குளத்தில் புத்தாரி சுவாமிகள் அவருக்கு இட்ட பெயரும் அவ்வளவே.