டேன்ஸ்பர்க்: மாடியும் கிடங்கும்

தரங்கம்பாடிக் கோட்டையை அரண்மனையாகப் பார்க்க வருகிறவர்கள் நேரே மாடி ஏறிவிடுகிறார்கள். தொடக்கத்தில் கவர்னரும் பாதிரியாரும் வசித்தது அங்கேதான். நான் கீழேயே நின்றுவிடுகிறேன். வளைவுக் கூரையின் கீழ் சரக்கறைகள், சிறை.

1620இல் ரகுநாத நாயக்கர் இடம் கொடுக்க, ஓவே யெட்டே கட்டத் தொடங்கியது இது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் தமிழில் எழுதிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தங்கத்தில் எழுதியவர் அரசருக்குத்தான் எழுதினார், வந்திறங்கியதோ கம்பெனி.

1420இல் முடிந்த பீகிங் அரண்மனையில் முற்றம் முற்றமாகக் கடந்துதான் சக்கரவர்த்தியை நெருங்க வேண்டும். தூரமே அங்கே அதிகாரம். இங்கே அதிகாரம் மிளகு மூட்டைகளுக்கு மேலே பாய் விரித்துக்கொண்டது. வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இந்த அமைப்பு நன்றாகவே புரிகிறது. டேனியர்களின் கலையுணர்வைப் புகழும் கட்டுரைகள்தான் புரிவதில்லை.

1845இல் செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.