தேய்ந்த முழங்காலும் மூல உயிரணுவும்

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் வாழும் முதியவர்கள் சிலர், முழங்கால் நோவுக்கு ‘ஸ்டெம் செல்’ ஊசி போடச் சென்னைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் மருத்துவன் அல்லன், செய்தியாளன். எனவே இச்சிகிச்சையின் வரலாற்றைச் சொல்கிறேன்.

சிதைந்த கசியிழையம் (குருத்தெலும்பு) மீள்வதில்லை என்று 1743இல் இலண்டனில் வில்லியம் ஹன்டர் எழுதினார். அதற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே தானாக ஆறுவது அரிது. 1994இல் சுவீடன் மருத்துவர்களான பிரிட்பேர்க், பீற்றர்சன் குழுவினர், நோயாளியின் கசியிழைய உயிரணுக்களையே ஆய்வுகூடத்தில் பெருக்கி முழங்காலில் வைத்த முடிவுகளை வெளியிட்டனர். அந்நோயாளிகளில் மூத்தவருக்கு வயது 48. காயத்தால் விழுந்த பள்ளம் வேறு. முதுமையில் மூட்டு முழுவதும் தேய்வது வேறு.

மூல உயிரணுக்கள் பின்னர் வந்தன. தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து உருவாக்கிய மருந்தைத் தென்கொரியா 2012இல் அனுமதித்தது. பெங்களூர் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பை இந்தியா 2022இல் அனுமதித்தது. அதுவும் நடுத்தர நிலைத் தேய்வுக்கே. ஆனால் 2023இல் வெளியான, சுமார் 475 பேர் பங்குபற்றிய அமெரிக்க ஆய்வில், ஓராண்டு முடிவில் எந்த உயிரணு ஊசியும் வழமையான ஸ்டெரொயிட் ஊசியை விஞ்சவில்லை.

ஓய்வூதியத்தையும் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தையும் செலவிடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த உயிரணு? யார் அனுமதித்தது? என் மூட்டின் தேய்வு எந்த நிலையில் உள்ளது? எழுத்தில் விடை தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். உடல் எடைக் குறைப்பும் தொடைத்தசைப் பயிற்சியும் பயன் நிரூபிக்கப்பட்டவை; அவற்றுக்கு விமானச்சீட்டுத் தேவையில்லை.