தோட்டாக் கூடும் குழலளவும்: ஏலமலைச் சாரலை முன்னிட்ட ஒரு வரலாற்று நோக்கு

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழும் ஏலமலைச் சாரலில் இருவகைத் துப்பாக்கிகள் வழங்கின. ஒன்று, வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. விளைவைக் காட்டுப் பன்றி முதலியவற்றினின்று காக்க உழவர் கைக்கொண்டது. மற்றொன்று, குழலின் உட்புறத்தே புரி வெட்டிய ரைபிள். பித்தளைத் தோட்டா கொள்வது. 1877-இல் ஜே. டி. மன்றோ என்பார் பூஞ்சாற்று அரச குடும்பத்தாரிடம் மலைநிலம் பெற்ற பின்னர், ஐரோப்பியத் தோட்டக்காரரோடு இவ்வகையும் மலையேறிற்று. முன்னதற்குக் கூடு இல்லை. பின்னதற்கோ கூடே உயிர். அக்கூடு ஒரு குழலளவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்ட வரலாற்றையும், அம்மாற்றத்தின் காரணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மூலமுடையது. தோட்டா என்பது உருதுவழி வந்தது. ஆனால் உள்ளிடும் பொருள்களுக்கோ மருந்து, குண்டு என மக்கள் தம் சொற்களையே வழங்கினர். கருவி அயலிலிருந்து வந்ததென்பதும், அதனைப் பயன்கொண்டோர் அதனைத் தமக்கு உரியதாக்கிக் கொண்டனர் என்பதும் இதனால் விளங்கும்.

2. தொழில் நோக்கிய மாற்றம்

1857-இல் சிப்பாய்களின் உள்ளத்தைக் கொதிக்கச் செய்தது .577 அங்குல என்பீல்டு ரைபிளின் கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா. 1866-இல் அதே துப்பாக்கிகளின் பின்புறத்தை வெட்டித் திறந்து, பித்தளைத் தகடு சுற்றிய தோட்டாவை இடுமாறு அமைத்தனர். இதுவே சுனைடர் முறை. 1871-இல் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைபிளுக்குக் குழலளவு .450 அங்குலமே. அவ்வளவிற்கு நேரான கூடு செய்யின் அது மிக நீண்டு, இடுவதற்கும் எடுப்பதற்கும் இடராகும். ஆகவே .577 கூட்டின் அகன்ற அடியை வைத்துக்கொண்டு, வாயை மட்டும் .450-க்கு ஒடுக்கினர். .577/.450 என்னும் அதன் பெயரே அதன் பிறப்பைக் கூறுவதாகும்.

இங்ஙனம் ஒடுக்குதற்கு இடந்தருவது பித்தளையின் இயல்பு. தோட்டாப் பித்தளை நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கொண்டது. அழுத்த அழுத்த இறுகும். சூடேற்றினால் மீண்டும் இளகும். பாத்திரம் அடிக்கும் கன்னார் இதனை நன்கறிவர். கூட்டின் கழுத்து இளகியும், வெடியின் அழுத்தத்தைத் தாங்கும் அடி இறுகியும் இருத்தல் வேண்டும். இளக்காது ஒடுக்கிய கழுத்து பிளவுபடும்.

இதற்கு இந்தியாவே சான்று தந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக் கூடுகள் சுடாமலே வெடிப்புக் கண்டன. கூட்டினுள் எஞ்சிய இறுக்கமும், குதிரைச் சிறுநீரினின்று எழும் அம்மோனியாவும் சேர்ந்ததே காரணமென்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்போர் விளக்கினர். கூட்டைச் சூடேற்றி அவ்விறுக்கத்தைத் தணித்தலே பரிகாரமாயிற்று.

3. ஆட்சி நோக்கிய மாற்றம்

மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் வடமேற்கு எல்லைக் குடிகளின் கைக்குச் சென்றன. .450 வேட்டைத் தோட்டாக்களும் அவர்கட்குப் பயன்படுமோ என்று அஞ்சிய ஆங்கில அரசு, 1907-இல் அவ்வளவுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவிற்குக் கொண்டுவருவதைத் தடுத்தது. ரிக்பி நிறுவனத்தார் 1898-இல் வெளியிட்ட .450 வேட்டைத் தோட்டா இதனால் இந்தியச் சந்தையை இழந்தது. இலண்டன் துப்பாக்கி வினைஞர் வாளாவிருந்தாரல்லர். .500 கூட்டின் வாயை ஒடுக்கி .470 என்றும், .500/.465 என்றும் புதிய தோட்டாக்களை அமைத்தனர். வேட்டைக்கு இவை .450-க்குக் குறைந்தனவல்ல, சட்டத்தின் சொல்லுக்கோ புறம்பானவை.

இதனையொத்ததே .315 அங்குல ரைபிளின் வரலாறும். படையின் .303 தோட்டா பொதுமக்கட்கு மறுக்கப்பட்டது. எனவே ஆஸ்திரிய மான்லிக்கர் ரைபிளின் 8 மி.மீ. தோட்டாவை ஏற்று, பி.எஸ்.ஏ. நிறுவனத்தார் இந்தியாவிற்கென வேட்டை ரைபிள் செய்தனர். விடுதலைக்குப் பின்னும் இச்சாப்பூர்த் தொழிற்சாலை .315 ரைபிள்களைச் செய்தது. .303-க்கும் .315-க்கும் இடைப்பட்ட வேறுபாடு அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கே. அவ்வளவே படைக்கும் குடிக்கும் வரம்பாக நின்றது.

4. சாரலின் நிலை

போடிமெட்டு அன்று இரு ஆட்சிகளின் எல்லை. கீழே சென்னை மாகாணத்தில் 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் செல்லும். மேலே திருவிதாங்கூர் தனியரசு. 1907-இன் தடை மலைத்தோட்டத்தாரின் வேட்டையை நிறுத்தக் கூடியதன்று; வேறு அளவுத் துப்பாக்கி வாங்கும் பொருள்வளம் அவர்க்கு இருந்தது. அவர்கள் வேட்டைக்கெனக் காத்த இரவிகுளம் 1975-இல் சரணாலயமாகி, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. உழவர்க்கோ 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் பயிர்க்காப்புக்கென வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியையே குறித்துரைத்தது.

5. முடிவு

கூட்டின் அளவு மாறியதற்குத் தொழிலின் தேவை ஒரு காரணம். ஆள்வோரின் அச்சம் மற்றொன்று. குழலளவை வேலியாகக் கொண்ட சட்டத்தைப் பித்தளையின் நெகிழ்ச்சி எளிதிற் கடந்தது. கடந்தவர் எல்லாரும் பொருள்வளம் உடையவரே. அளவு மாற்றக் கூடே இல்லாத நாட்டுத் துப்பாக்கியோடு சாரலின் உழவர் இரவுகளிற் காவலிருந்தனர். தோட்டாவின் வரலாற்றை எழுதுவோர் கூடற்ற அத்துப்பாக்கியையும் உடன்வைத்து நோக்குதல் கடனாம்.